சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

1887ஆம் வருஷக் கடைசியில், கிட்டத்தட்ட ஒரு மாத இடைவெளியில், இரண்டு பேர் பிறந்தார்கள். ஒருவர் லண்டனில், நவம்பர் மாதம், ‘பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆனுவல்’ என்ற பத்திரிகையில். பெயர் ஷெர்லக் ஹோம்ஸ். இன்னொருவர் ஈரோட்டில், டிசம்பர் 22ஆம் தேதி, அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில். பெயர் ராமானுஜன். முன்னவர் கற்பனை, பின்னவர் நிஜம். ஆனால் நாம் முன்னவரை நிஜமாகவும் பின்னவரைக் கற்பனையாகவும் ஆக்கி வைத்திருக்கிறோம். இந்த வாரப் புகார் அதுதான்.

சமீபத்தில் இரண்டு புத்தகங்களை மாற்றி மாற்றிப் படித்தேன். ஒன்று, கீகோ ஹிகாஷினோ என்ற ஜப்பானியர் எழுதிய ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’. கொலைக் கதை. மற்றது, ராபர்ட் கனிகல் என்ற அமெரிக்கர் எழுதிய ‘தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி’. ராமானுஜனின் வாழ்க்கை வரலாறு. 1991லேயே வந்தது. 2015ல் தேவ் படேல் நடித்து சினிமாவாகவும் ஆகிவிட்டது. வீட்டு அலமாரியில் ரொம்ப நாளாக என்னை முறைத்துக்கொண்டிருந்ததை இப்போதுதான் கையில் எடுத்தேன்.

மதுரை வெயிலுக்கு மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியாது. ஆகவே பகலில் கொலை, ராத்திரியில் கணக்கு என்று ஷிஃப்ட் போட்டுக்கொண்டேன். நாலைந்து நாளில் எது கொலை, எது கணக்கு என்றே குழம்ப ஆரம்பித்துவிட்டது. ஜப்பானியக் கதையில் குற்றத்தை மறைப்பவன் ஒரு கணித மேதை. ராமானுஜன் வரலாற்றிலோ ஸ்காட்லாண்டு யார்டு வருகிறது!

முதலில் கொலை.

யாசுகோ என்ற பெண். லஞ்ச் பாக்ஸ் விற்கும் கடையில் வேலை. ஒரு மகள். விட்டு விலகியும் விடாமல் காசு கேட்டு வந்து நிற்கும் முன்னாள் கணவன். ஆரம்பப் பக்கங்களிலேயே அம்மாவும் மகளும் சேர்ந்து அவனைக் கொன்றுவிடுகிறார்கள். யார் கொன்றது, எங்கே, எதனால், எல்லாம் நம் கண்முன் நடக்கிறது. அப்புறம் மிச்சப் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்கிறீர்களா? பக்கத்து வீட்டு இஷிகாமி இருக்கிறார். பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். பெரிய கணித ஆராய்ச்சியாளராகியிருக்க வேண்டியவர், குடும்பச் சூழ்நிலையால் சாக்பீஸோடு நின்றுபோனார். தினமும் யாசுகோவின் கடையில் லஞ்ச் வாங்குவது மட்டுமே அவருடைய வாழ்க்கையின் சந்தோஷம். கதவைத் தட்டி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அவரைத் துரத்துவது யுகாவா. இயற்பியல் பேராசிரியர், இஷிகாமியோடு காலேஜில் படித்தவர்.

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கேள்வி ஓடுகிறது. ஒரு கணக்குக்கு நாமே விடை கண்டுபிடிப்பது கஷ்டமா, இன்னொருத்தன் கொடுத்த விடை சரியா என்று சோதிப்பது கஷ்டமா? இது கணித உலகம் இன்றுவரை தீர்க்காத நிஜமான புதிர். இஷிகாமி பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கும் முறையும் கதையில் வருகிறது. பார்வைக்கு ஜியோமிதிக் கணக்கு மாதிரி இருக்கும், உண்மையில் அது வேறு பாடத்துக் கணக்காக இருக்கும். மனப்பாடம் செய்தவன் வசமாக மாட்டிக்கொள்வான். இதற்கு மேல் சொன்னால் உங்களுக்குக் கதை கெட்டுவிடும். ‘பாபநாசம்’ பார்த்தவர்களுக்கு ஏதோ ஞாபகம் வரலாம். இந்த நாவலுக்கும் தன் கதைக்கும் சம்பந்தமில்லை என்று இயக்குநர் ஜீத்து ஜோசஃப் மறுத்திருக்கிறார்.

ஹிகாஷினோ எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்து, மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அது எழுத்தில் தெரிகிறது. ஒரு ஸ்க்ரூ கூட உபரி கிடையாது. 2005ல் ஜப்பானில் புத்தகமாக வந்து, நவோகி பரிசு வாங்கி, 2011ல் இங்கிலீஷுக்கு வந்தது. குறை இல்லையா? உண்டு. யாசுகோவுக்கு என்று தனியாக ஒரு மனசு இருப்பதாகவே ஆசிரியர் கடைசி வரை நினைக்கவில்லை. இன்னொன்று, இந்தக் கதையில் ஓர் உயிருக்கு மட்டும் யாரும் கணக்கு வைக்கவில்லை. எந்த உயிர் என்று படித்து முடித்தவர்களுக்குத் தெரியும். இஷிகாமியின் தியாகத்தை நினைத்து உருகி அழுகிறவர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த உயிரைப் பற்றியும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

✦

முடிவு தெரிந்தால் மர்மக் கதை செத்தது என்று யார் சொன்னது? நான் ஸ்கூல் படித்த காலத்தில் மாசி வீதிப் பக்கம் ஒரு வாடகை நூலகம் இருந்தது. நாளுக்குப் பத்துப் பைசாவோ என்னவோ. அங்கே எடுத்த ஒரு நாவலின் முதல் பக்கத்தில், எவனோ ஒரு புண்ணியவான் பால்பாயிண்ட் பேனாவால் ‘கொலை பண்ணது டிரைவர்’ என்று எழுதி, கீழே ரெண்டு கோடு வேறு போட்டிருந்தான். கொண்டுபோய்க் காட்டினால், “அதுக்கென்ன தம்பி, எப்படிப் புடிச்சாங்கன்னு எழுதலையில்ல? படி” என்றார் நூலகக்காரர். படித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அவர் விமர்சகர் இல்லை. ஆனால் நான் அப்புறம் படித்த பல விமர்சனங்களைவிட அது உருப்படியான வாக்கியம். எப்படிப் பிடித்தார்கள்? அதுதான் விஷயம்.

நம் தமிழ் மர்மக் கதைகளை இந்த ஒரு கேள்வியோடு மறுபடி எடுத்துப் பாருங்கள். தேவனின் துப்பறியும் சாம்புவிடம் கேட்டால், ‘தெரியாது’ என்பதுதான் பதில். அவர் அசட்டுத்தனமாகக் கை வைக்கிற இடமெல்லாம் திருடன் இருப்பான். துப்பறிதலையே கிண்டல் செய்வதற்காகப் பிறந்தவர், அதனால் மன்னிப்பு உண்டு. ராஜேஷ்குமார் 1,500க்கும் மேல் நாவல்கள் எழுதியவர். ஒரு அத்தியாயம் இந்த ஊர், அடுத்தது வேற ஊர் என்று இரண்டு தண்டவாளத்தில் வண்டி ஓட்டி, கடைசியில் ஒரே ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய அந்த மாத நாவல்கள்தான் ஒரு தலைமுறைக்கே வாசிப்புப் பழக்கம் கொடுத்தன. ஆனால் அந்த நாவல்கள் பலவற்றில் கடைசி இரண்டு பக்கத்தில் வில்லன் துப்பாக்கியோடு நின்று, ‘எல்லாத்தையும் சொல்லிடறேன்’ என்று பொழிந்து தள்ளுவான். அவனே சொல்லிவிட்ட பிறகு போலீஸ் எதற்கு? தடயம் எதற்கு?

சுஜாதா இதில் தனி ரகம். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் இருந்த இன்ஜினீயர். ஒரு கையால் கணேஷ்-வசந்த் கதைகள், மறு கையால் ‘ஏன் எதற்கு எப்படி’. உண்மையில் இரண்டும் ஒரே கைதான் என்று இப்போது தோன்றுகிறது. ‘கொலையுதிர் காலம்’ படித்தவர்களுக்குத் தெரியும்; அங்கே யார் கொன்றது என்பதைவிட, நடப்பது விஞ்ஞானமா அமானுஷ்யமா, எதை நம்ப என்ன ஆதாரம் என்ற சண்டைதான் கதையே.

✦

இந்த இடத்தில் என் பி.காம். டிகிரியைக் கொஞ்சம் வெளியே எடுக்க அனுமதியுங்கள். அடிக்கடி கிடைக்கிற சந்தர்ப்பம் இல்லை.

கணக்குப்பதிவியலில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. டிரயல் பேலன்ஸ் போடுகிறீர்கள். பற்றும் வரவும் சமமாக வர வேண்டும், வரவில்லை. 340 ரூபாய் உதைக்கிறது. எங்கே தப்பு என்று உடனே தெரியவில்லை. அந்த 340ஐ எதன் தலையிலாவது கட்டி மூடிவிடக் கூடாது. சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவைத்து, தப்பு எங்கே என்று தேட வேண்டும். கண்டுபிடித்த பிறகுதான் அந்த அக்கவுண்டை மூடலாம். ‘இதுவரை தெரியவில்லை’ என்று நேர்மையாக எழுதிவைப்பதற்கு ஒரு தலைப்பு. அவ்வளவுதான்.

நல்ல துப்பறியும் கதையும் நல்ல விஞ்ஞானி வரலாறும் எனக்கு இதைத்தான் செய்கின்றன. தெரியாததைத் தெரியாதது என்று வைத்துக்கொண்டு, வவுச்சர் வவுச்சராகத் தேடுகின்றன.

நம் வீட்டு ராமானுஜன் கதையில் சஸ்பென்ஸ் அக்கவுண்டே கிடையாது. கும்பகோணத்துப் பையன். நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கடிதம் போட்டார், ஹார்டி அழைத்தார். டாக்ஸி நம்பர் 1729. காசநோய். மறைவு. சுபம். வில்லனின் கடைசிப் பக்க வாக்குமூலம் மாதிரிதான் இதுவும்; எல்லாம் சொல்லியாகிவிட்டது, எதுவும் விளங்கவில்லை.

கனிகல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு எழுத வந்தவர். கும்பகோணம், சென்னை என்று அலைந்து தேடியிருக்கிறார். அவர் காட்டும் ராமானுஜன் எஃப்.ஏ. பரீட்சையில் மறுபடி மறுபடி தோற்றவர். 1912ல் சென்னை துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்க்கு அக்கவுண்ட்ஸ் கிளார்க். (ஆமாம், நம்ம டிபார்ட்மெண்ட்!) கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் இரண்டு பேருக்கு எழுதிப் பிரயோஜனமில்லாமல், 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் இருந்த எல்லாம் சரியா? இல்லை. பகா எண்களைப் பற்றி அவர் எழுதியிருந்தது தப்பு. இதை மறைக்காமல் சொல்வதால் ராமானுஜன் குறைந்துபோகவில்லை. நமக்கு முதல் தடவையாக நிஜமான ஆளாகத் தெரிகிறார். ஹார்டி அவரிடம் ஓயாமல் கேட்டது நிரூபணம். எங்கள் பாஷையில், ‘என்ட்ரி பிரமாதம், வவுச்சர் எங்கே?’

ஒரு உதாரணம். கணக்கு பிடிக்காதவர்களும் தாண்டிப் போகாதீர்கள். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். சரி, 100 என்ற எண்ணை? 19,05,69,292 விதம். பத்தொன்பது கோடிக்கு மேல்! மேஜர் மக்மஹான் என்ற முன்னாள் ராணுவக்காரர் பொறுமையாக 200 வரைக்கும் கையாலேயே கணக்குப் போட்டு அட்டவணை தயாரித்தார். ராமானுஜனும் ஹார்டியும் ஒரு சூத்திரம் கண்டுபிடித்து அதில் எண்ணைப் போட்டார்கள். இரண்டு பேர், இரண்டு வழி, ஒரே விடை. டிரயல் பேலன்ஸ் டாலி ஆகிற அந்தக் கணத்தின் சந்தோஷம், ஆடிட் ஆபீஸில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும்.

ஸ்காட்லாண்டு யார்டு விஷயத்துக்கு வருகிறேன். 1918 ஆரம்பத்தில், வியாதியும் தனிமையும் தின்ற நிலையில், ராமானுஜன் லண்டன் பாதாள ரயில் பாதையில் விழுந்தார். ரயில் சில அடி தூரத்தில் நின்றதால் பிழைத்தார். தற்கொலை முயற்சி அன்று அங்கே குற்றம். போலீஸ் பிடித்தது. ஹார்டி ஓடிவந்து, இவர் ராயல் சொசைட்டி ஃபெலோ, இவரைக் கைது செய்யக் கூடாது என்று அடித்துவிட்டார். அப்போது ராமானுஜன் ஃபெலோ ஆகியிருக்கவில்லை! விசாரித்துப் பார்த்த போலீஸ், பெரிய கணித மேதை என்று தெரிந்துகொண்டு விட்டுவிட்டது. கொஞ்ச நாளிலேயே நிஜமாகவும் ஃபெலோ ஆனார். இதை ஹார்டி சொல்லக் கேட்டவர் நம் வானியல் மேதை எஸ். சந்திரசேகர். நம் பாடப்புத்தக ராமானுஜன் இப்படியெல்லாம் தவிப்பதில்லை. அவர் எப்போதும் கோட் போட்டுக்கொண்டு நேராகப் பார்க்கிறார்.

கனிகலிடம் குறை? அமெரிக்க வாசகருக்குத் தென்னிந்தியாவை விளக்கும் பக்கங்கள் நீளம். நமக்குத் தெரிந்த சமாசாரம், வேகமாகப் புரட்டிவிடலாம்.

✦

இப்போது அசல் மர்மம். ராமானுஜனைக் கொன்றது எது?

1917 வாக்கில் படுக்கிறார். ராத்திரியில் காய்ச்சல், எடை குறைகிறது, கொஞ்ச நாள் தேறுகிறார், மறுபடி படுக்கிறார். டாக்டர்கள் வயிற்றுப்புண் என்றார்கள். ஒருவர் ஈரலில் புற்று என்றுகூட சந்தேகப்பட்டார். கடைசியில் எல்லாரும் காசநோய் என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1919ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26, சென்னை சேத்துப்பட்டில் முடிந்தது. வயது 32. கேஸ் குளோஸ்.

கனிகல் புத்தகம் வந்து மூன்று வருஷம் கழித்து, 1994ல், டி.ஏ.பி. யங் என்பவர் பழைய மருத்துவக் குறிப்புகளையும் கடிதங்களையும் மறுபடி எடுத்தார். எரித்த உடம்பைத் தோண்டி எடுக்க முடியாது. கையில் இருப்பது காகிதங்கள் மட்டும். அவர் பிடித்த துப்பு, ராமானுஜனுக்கு இங்கிலாந்து போவதற்கு முன்பே இந்தியாவில் இரண்டு தடவை கடும் சீதபேதி வந்திருந்தது. அமீபா கிருமி உடம்புக்குள் வருஷக்கணக்கில் பதுங்கியிருந்து பிறகு ஈரலைத் தாக்கக்கூடியது. காய்ச்சல் வந்து வந்து போன விதமும் அதோடுதான் பொருந்துகிறது. ஆக, காசநோய் இல்லை, ஈரல் அமீபா நோய் என்பது யங்கின் முடிவு.

இதில் வயிற்றைப் பிசைகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த நோய்க்கு அப்போதே மருந்து இருந்தது. எமெட்டின் ஊசி. 1912ல் கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் என்ற டாக்டர் அதைக் கொடுத்துக் காட்டியிருந்தார். ராமானுஜன் கப்பல் ஏறியது 1914ல்.

டாக்டர்கள் முட்டாள்கள் இல்லை. அன்றைக்கு இருந்த வசதியில் அதைக் கண்டுபிடிப்பது லேசான காரியமும் இல்லை. யங் சொல்வதும் ஓர் அனுமானம்தான், உடம்பு சாட்சி சொல்லாது. ஆனால் பாருங்கள், ஜப்பான் வாத்தியார் வினாத்தாள் இங்கேயும் வந்துவிட்டது. பார்வைக்கு ஒரு பாடத்துக் கணக்கு, உண்மையில் வேறு பாடம். 340 ரூபாயை எதன் தலையிலாவது கட்டாதே என்று எங்கள் வாத்தியார் கத்தியதற்கு அர்த்தம் இந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான் முழுசாக உறைத்தது. அவசரப்பட்டு மூடிய கணக்கு ஓர் ஆளைக் கொல்லும்.

இன்னொரு துப்பு ஜெயித்த கதையும் உண்டு. சாவுப் படுக்கையில் ராமானுஜன் எழுதிய காகிதங்கள் எங்கே போயின? 1923ல் மெட்ராஸ் யுனிவர்சிட்டியிலிருந்து ஹார்டிக்குப் போன கட்டில் அவையும் இருந்திருக்க வேண்டும் என்பது கணிப்பு. அங்கிருந்து வாட்சன் என்ற கணிதப் பேராசிரியர் கைக்கு. அவர் 1965ல் இறந்தபோது அறை முழுக்கத் தரையில் காகிதக் குவியல், சில நாளில் எரிக்கப்பட இருந்தது. காப்பாற்றி கேம்பிரிட்ஜ் டிரினிட்டி காலேஜ் நூலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பெட்டியில் தூங்கியதை 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் திறந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். விளக்கம் கிட்டத்தட்ட இல்லை. வேறு யார் பார்த்திருந்தாலும் கிறுக்கல் என்று மூடியிருப்பார்கள். ஆண்ட்ரூஸ் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்ததே ராமானுஜன் கடைசிக் கடிதத்தில் எழுதிய விஷயத்தைத்தான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஹோம்ஸுக்கு சிகரெட் சாம்பல் மாதிரி.

ஓர் உயிர் கணக்கில் வரவில்லை என்று ஹிகாஷினோவிடம் குறை சொன்னேன் அல்லவா? கனிகல் அதில் பாஸ். பத்து வயதில் ராமானுஜனைக் கல்யாணம் செய்து, இருபது வயசு சொச்சத்தில் விதவையாகி, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்த ஜானகியம்மாளை அவர் மறக்கவில்லை. கணவருக்கு வைக்கிறேன் என்ற சிலையை யாரும் வைக்கவில்லை என்று அந்த அம்மாள் ஆதங்கப்பட்டது வெளியே தெரிந்து, உலகத்துக் கணிதக்காரர்கள் காசு போட்டு மார்பளவுச் சிலை செய்வித்தார்கள். 1994ல் ஜானகியம்மாள் காலமானார். கணவரின் நோயைப் பற்றி யங் எழுதிய அதே வருஷம்.

✦

நம் மதுரைக்கே இப்படி ஒரு புத்தகம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர் வெங்கடசாமியைப் பற்றிய ‘இன்ஃபினிட் விஷன்’ (2011). பவித்ரா மேத்தா, சுசித்ரா ஷெனாய் எழுதியது. மூட்டுவாதத்தில் விரல்கள் முறுக்கிக்கொண்ட ஒருவர் கண் அறுவை சிகிச்சை நிபுணரானது எப்படி? 58 வயதில் ரிடையர் ஆகி, 1976ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது இவ்வளவு பெரிதானது எப்படி? காமர்ஸ்காரனுக்கு இதைவிடப் பெரிய சஸ்பென்ஸ், இலவசமாக இத்தனை பேருக்குச் செய்தால் காசு எங்கிருந்து வருகிறது? ஒரு டாக்டர் வீணாக நிற்கும் நிமிஷங்களைக் குறைத்தது, 1992ல் ஆரோலாப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே மலிவாகச் செய்தது என்று வவுச்சர் காட்டுகிறார்கள். பவித்ரா டாக்டரின் உறவுக்காரர் என்பதால் பாசம் தூக்கலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ‘எப்படி’ இருக்கிறது.

ஆனால் குழந்தைகளுக்கு என்று தமிழில் வரும் விஞ்ஞானி வரலாறுகள் பலவற்றில் அதுதான் இல்லை. பிறந்தார், ஏழை, தெருவிளக்கு, உழைத்தார், பரிசு. நாலு பெயரை மாற்றி அச்சடித்தால் வித்தியாசமே தெரியாது. அதைப் படிக்கிற பிள்ளைக்கு விஞ்ஞானம் என்பது கடைசிப் பக்கத்தில் மாலை போடும் விழா. தப்பு பண்ணுவதும், தெரியவில்லை என்று எழுதிவைத்துத் தேடுவதும்தான் அந்த வேலையே என்று யாரும் சொல்வதில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளை டாக்டராகலாம். படுக்கையில் ஒரு ராமானுஜன் கிடக்கலாம்.

அதனால் ஒரு யோசனை. அடுத்த தடவை புத்தகத் திருவிழாவுக்கோ, நத்தம் ரோடு கலைஞர் நூலகத்துக்கோ பிள்ளைகளோடு போனால், கொலைக் கதையோ விஞ்ஞானி கதையோ, எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. முடிவு தெரிந்த பிறகும், ‘அதெப்படி?’ என்று முதல் பக்கத்துக்குத் திரும்பத் தோன்றினால் காசு கொடுத்து வாங்குங்கள். தோன்றாவிட்டால் வைத்துவிடுங்கள்.

முதல் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கொலைகாரன் பேரை மட்டும் எழுதி வைக்காதீர்கள்.